வடக்கு மதிலுக்கு வெளியே

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. வெயில் எறங்கட்டும், கோயிலுக்கு நானே கூட்டிட்டுப் போயிக் காட்டுதேன்.

எங்க குருசடித்துறையப் பத்தி எழுதணும்னு இம்புட்டுத் தூரம் வந்திருக்கிய. ஊரு சேந்து ஒரு கோயிலக் கடல்ட்டயிருந்து காப்பாத்துச்சுன்னு பேப்பர்ல பாத்திருப்பிய. நெசந்தான் சார். ஒரு வார்த்த குறைச்சு எழுத வேண்டாம். கமிட்டித் தலைவரு நாந்தான். மரியதொம்மை. எல்லாஞ் சொல்லுதேன்.

ஆனா ஒண்ண மொதல்லயே சொல்லிருதேன். நீங்க தெருவுல நாலு பேர்ட்ட விசாரிப்பிய, அவங்க சொல்லி ஒங்களுக்குத் தெரியக் கூடாது. கோயிலக் காப்பாத்துனதுக்குக் கமிட்டிக்கு விருது குடுத்த அன்னைக்கி எம் பொண்டாட்டி வரல. கலெக்டர் வந்தாவ. ஆயர் வந்தாவ. வெளியூர்ல கட்டிக் குடுத்த ஊருப் பொம்பளப் பிள்ளைங்கல்லாம் கைப்பிள்ளையத் தூக்கிட்டு வந்துச்சுங்க. மைக்குல, "தலைவரும் அவர்தம் துணைவியாரும் மேடைக்கு வரவும்"ங்குதாவ. நான் ஒத்தையில ஏறுதேன். எல்லாரும் எனக்குப் பின்னால பாக்காவ. "அவளுக்கு முட்டுவலி"ன்னேன். முட்டுவலி இருக்கத்தான் செய்யுது. ஆனா அந்த முட்டுவலியோடதான் அவ நாப்பது நாளு மணல்மூட்டை கைமாத்துனா. அதையும் சொல்லணும்லா.

நாங்க சர்ச்சுன்னு சொல்ல மாட்டோம் சார், கோயில்னுதான் சொல்லுவோம். பழைய சந்தியாகப்பர் கோயில். எங்க பூட்டன்மாரு கட்டுனது. செங்கல் கெடையாது, கருங்கல் கெடையாது. எல்லாம் கடலுக்குள்ள உள்ள பவளக்கல்லு. மூச்சடக்கி முங்கி, கடப்பாறையால நெம்பி, கயித்துல கட்டி வள்ளத்துல ஏத்திக் கொண்டாந்தது. வீட்டுக்கு ஒரு வள்ளம் கல்லுன்னு ஊர்ல தீர்மானம். செவத்துல கை வச்சுப் பாருங்க, சித்திரை வெயில்லயும் குளுந்து கெடக்கும். அப்பிடி முங்குனதுல ஒருத்தரு மேல வரல. கஸ்பார்னு பேரு. பீடத்துக்கு முன்னால தரையில ஒரு கல்லுல வெட்டிப் போட்டிருக்காவ, 'கல்லுக்குப் போன கஸ்பார்'னு. மிதிக்காமத்தான் சுத்திப் போவோம். சின்னப் பிள்ளைகூட மிதிக்காது.

மேக்க பெரிய கோயில் கட்டுன பெறகு பழசுல ஆளு கொறஞ்சுபோச்சு. திருநாளுக்குத் தொறப்போம், மத்த நாளு பூட்டிக் கெடக்கும். அப்பந்தான் கடலு ஊருக்குள்ள வர ஆரம்பிச்சுது. ஏன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுதாவ. எனக்குத் தெரிஞ்சது, ஒரு ஐப்பசியில கொடிமரம் போச்சு. அடுத்த ஐப்பசியில வாசப்படி மூணும் போச்சு.

அப்ப இருந்த பங்குச்சாமி நல்ல மனுஷன். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் சொன்னாவ. "பீடத்தையும் சுரூபங்களையும் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்துருவோம். கட்டடத்த விட்டுருவோம். கடலோட மல்லுக்கட்ட நம்மளால ஆகாது."

ஒடனே நான் எந்திச்சேன். அதுக்கு முன்னால கூட்டத்துல நான் பேசுனதே இல்ல சார், வலைக்கணக்கு தவிர. "சாமி, முங்கிச் செத்தவன் பேரு அங்கன தரையில கெடக்கு. அவன ரெண்டாம் மட்டமும் முங்க விடணுமா?"ன்னு கேட்டேன். அம்புட்டுத்தான். பொம்பளைங்க பக்கத்துல அழுகச் சத்தம். சாமியே கண்ணாடியக் கழத்தித் தொடச்சாவ.

அன்னைக்கே கமிட்டி. மறுநாளே வேல. வீட்டுக்கு ஒரு ஆளு, தெனமும். ஆம்பளைங்க தெக்க போயி மணல் அள்ளிச் சாக்குல கட்டுவோம். பொம்பளைங்க அம்பது அறுவது பேரு வரிசையா நின்னு கைமாத்தி, கைமாத்தி, கோயில் மூலை வரைக்கும் கொண்டு சேப்பாவ. வாடைக்காத்து நேரம். கண்ணுல மணல் அடிக்கும். அடுக்குனத ராத்திரி கடலு இழுத்துட்டுப் போவும், காலையில மறுபடி அடுக்குவோம். அந்த நாப்பது நாளும் ஊருல ஒரு சண்டை சச்சரவு கெடையாது சார். பேசாத சம்பந்திமாருகூட ஒருத்தருக்கொருத்தரு மூட்டையக் கைமாத்துனாவ. அத எழுதுங்க.

செசிலி, எம் பொண்டாட்டி, அவளாப் போயி வரிசையோட கடைசியில நின்னா. வடக்கு மூலையில, தண்ணி வந்து இடுப்புல அடிக்கிற எடத்துல. "நீ ஏன் அங்கன போயி நிக்க? வயசான பொம்பளைக்கி இது தேவையா? இங்கன நடுவுல வாயேன்"னா வரமாட்டா. "நீங்க ஒங்க சோலியப் பாருங்க"ம்பா. வேற யாரு மூட்டையத் தெக்கு மூலைக்குக் கொண்டு போனாலும், "வடக்கால வைங்க, வடக்கால வைங்க"ன்னு கத்துவா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. சந்தியாகப்பர் மேல அவளுக்கு அம்புட்டு பக்தின்னு சாமிட்டகூடச் சொன்னேன்.

அதுக்குப் பெறகும் மழைக்கு மழை மூட்டை அடுக்கி, மூணு வருஷம் இப்பிடி ஓட்டுனோம். மனு எழுதி எழுதி, கலெக்டர் ஆபீஸு வாச்மேன் எனக்கு டீ வாங்கிக் குடுக்குற அளவுக்குப் பழகிட்டான். கடைசியில கல்லுச்செவரு போட உத்தரவு வந்துச்சு. பெரிய பெரிய பாறையா லாரியில கொண்டாந்து கோயிலச் சுத்திக் கொட்டுறது. ஊரே வெடி போட்டுச்சு.

இன்ஜினியர் சார் டேப்பு புடிச்சு அளந்துகிட்டே வந்தாரு. கோயிலுக்கு வடக்கால வந்து நின்னாரு. அங்கன தள்ளிப் போட முடியாது, கடலு அரிச்சு ஆழம். அப்ப வடக்கு மதில ஒட்டித்தான் பாறை வரணும். எங்க கல்லறைத் தோட்டம் மதிலுக்கு உள்ள இருக்கு. அதப் பாத்துட்டுக் கேட்டாரு, "ஐயா, மதிலுக்கு வெளிய கல்லறை ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லிருங்க, நான் எழுதணும். எழுதுனா ஃபைலு திரும்ப மேல போகும்."

"ஒண்ணும் இல்ல சார். வெறும் மணல்தான்"னேன்.

அப்பிடிப் பாக்காதிய சார். நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஃபைலு திரும்பப் போச்சுன்னா இன்னும் ஒரு வருஷம். அந்த வருஷ மழையக் கோயில் தாங்காது. கெழக்குச் செவத்துல அப்பவே கை நுழையிற வெடிப்பு. ஊரு மூணு வருஷம் சுமந்தது அம்புட்டும் வீணு. அதுக்கு மேல, நான் பொய்யும் சொல்லல. கோயில் புஸ்தகத்துல யாரு எங்க அடக்கம்னு நூத்தம்பது வருஷத்துக்கு எழுதி வச்சிருக்காவ. வடக்கு மதிலுக்கு வெளியன்னு ஒரு வரி கெடையாது.

எழுத மாட்டாவ. ஞானஸ்நானம் வாங்காமச் செத்த பிள்ளையள அப்பல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குள்ள வைக்க விட மாட்டாவ. இப்ப அந்தச் சட்டமெல்லாம் போயிட்டு, இப்ப உள்ளதான் வைக்காவ. அப்ப வெளியதான். செத்தே பொறந்தது, பொறந்த ஒடனே செத்தது, எல்லாம். பேரு கெடையாது, சிலுவை கெடையாது.

எங்களுக்கும் ஒண்ணு உண்டு. மூத்தது. முப்பத்தொம்பது வருஷம் ஆச்சு. டவுனு ஆஸ்பத்திரியில செத்தே பொறந்துச்சு. செசிலி காய்ச்சல்ல நெனவு தப்பிக் கெடந்தா, ஒம்பது நாளு. அவ பாக்கவே இல்ல. நானும் எங்க அண்ணனும் ஒரு பலகப் பெட்டியில வச்சு ஊருக்குக் கொண்டாந்தோம். அப்ப கோயில் வேலையெல்லாம் பாத்துக்கிட்டிருந்த இன்னாசியாரு எங்களுக்காக மம்பட்டியோட நிக்காரு. "தொம்மை, உள்ள முடியாதுப்பா. வடக்கால வாங்க. அங்கனதான் எல்லாப் பிள்ளையளும் கெடக்கு"ன்னாரு. மழை ஊத்துது. குழி தோண்டத் தோண்டத் தண்ணி. சட்டுன்னு முடிச்சிட்டு வந்தோம். மூணாம் நாளு நான் கடலுக்குப் போயிட்டேன்.

அவ வீட்டுக்கு வந்து, "என்ன பிள்ள?"ன்னு கேட்டா. பொம்பளப் பிள்ளன்னேன். "தலையில முடி இருந்துச்சா?"ன்னா. "நான் பாக்கல"ன்னேன். பாக்கல சார், உள்ளதத்தான் சொன்னேன். அதுக்குப் பெறகு அவ கேக்கல, நானும் சொல்லல. பெறகு ரெண்டு பயலுவ பொறந்தானுவ. ஒருத்தன் கப்பல்ல இருக்கான், ஒருத்தன் தூத்துக்குடியில. அது முடிஞ்ச கதைன்னுதான் நான் நெனச்சேன்.

கல்லறைத் திருநாளு அன்னைக்கி உள்ள இருக்கவங்களுக்கெல்லாம் மாலை போட்டு மெழுகுதிரி கொளுத்துவோம், சாமி வந்து தீர்த்தம் தெளிப்பாவ. அது முடிஞ்ச ஒடனே கொஞ்சம் பொம்பளைங்க மட்டும் வாசல் வழியாச் சுத்திக்கிட்டு வடக்கால போவாவ. மணல்ல சின்னச் சின்னத் திரியா குத்தி வைப்பாவ. யாரு பிள்ள எங்கன கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? காத்துக்கு மணலு மேடாவும் பள்ளமாவும். சும்மா ஒரு நெதானத்துல வைக்கிறதுதான். ஆம்பளைங்க நாங்க அந்தப் பக்கம் போறதில்ல. செசிலி வருஷம் தவறாமப் போவா. எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்லல.

கல்லுச்செவரு வேல ஆரம்பிச்ச அன்னைக்கி காலையில, அவ வேலக்காரங்களுக்குச் சோறு பொங்கிக்கிட்டு இருந்தா. ஊருச் செலவுல கமிட்டிச் சோறு. மணல் தோண்டுற மிஷின் சத்தம் வடக்கால கேட்டுருக்கு. கரண்டியோட ஓடிருக்கா. நான் போறதுக்குள்ள மிஷினுக்கு முன்னால போயி நிக்கா. கத்தல, கும்புடல. சும்மா நிக்கா.

டிரைவரு சேலத்துப் பக்கம். மிஷின நிப்பாட்டிட்டு எட்டிப் பாத்து, "என்னம்மா?"ன்னு கேக்கான்.

"தள்ளி ஓட்டுங்க. இங்க பிள்ளைங்க இருக்கு"ங்கா.

அவன் எறங்கி, மிஷினச் சுத்தி ஒரு நடை போயிப் பாத்துட்டு வந்தான். குனிஞ்சு சக்கரத்துக்கு அடியிலயும் பாத்தான். "பிள்ளைங்க யாரும் இல்லையேம்மா"ங்கான்.

அதுக்குள்ள எங்க அண்ணன் பொண்டாட்டி பிலோமி மதினி வந்துட்டா, இன்னும் ஏழெட்டுப் பொம்பளைங்க. எல்லாம் அறுவது எழுவது வயசு. எல்லாரும் செசிலி பக்கத்துல போயி நின்னாவ. இன்ஜினியர் சார் எங்கிட்ட வந்து, "ஐயா, ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே?"ன்னாரு. ஊரே பாக்குது. பாறை ஏத்துன லாரி ரோட்டுல வரிசையா நிக்குது. அன்னைக்கி நிறுத்துனா அந்த லாரி திரும்பி வராது சார்.

"ஒண்ணும் இல்ல சார். பொம்பளைங்க பழக்கம். மெழுகுதிரி கொளுத்துற எடம்"னேன்.

செசிலி கையப் புடிச்சேன். "வா வீட்டுக்கு"ன்னேன். அவ என் கையப் பாத்தா, என்னையப் பாத்தா. கைய உருவிக்கிட்டா. அவளே நடந்து போயிட்டா.

பிலோமி மதினிதான் டிரைவர்ட்ட, "அரைமணி நேரம் குடு, ராசா"ன்னா. அவன் யாருட்டயும் கேக்காம மிஷின அணைச்சுட்டு, செருப்பக் கழத்தி வச்சுட்டு, அங்கிட்டுப் போயி உக்காந்துட்டான். பொம்பளைங்க ஆளுக்கு ஒரு மடி மணல் அள்ளுனாவ. முந்தியில முடிஞ்சு, வாசல் வழியாச் சுத்தி உள்ள கொண்டு போயி, கல்லறைத் தோட்டத்துல ஒரு மூலையில தட்டுனாவ. பங்குச்சாமி தொப்பியக் கழத்திட்டு நின்னாவ. மதினி எங்க வீட்டுக்குப் போயி செசிலியக் கூப்புட்டிருக்கா, "வா, நீயும் ஒரு மடி அள்ளிக்கோ"ன்னு. "மணல வச்சு நான் என்ன செய்ய, மதினி?"ன்னுட்டாளாம். அடுப்பப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டாளாம். அன்னைக்கி நூறு பேருக்குச் சோறு, குழம்பு. ஒருத்தருக்கும் குறையில்லாம அவதான் பரிமாறுனா. எனக்கும் போட்டா.

செவரு முடிஞ்ச அந்தக் கார்த்திகையிலயே புயல் வந்துச்சு. பனைமர உசரத்துக்கு அலை. ஊரெல்லாம் பெரிய கோயில்ல போயி அடஞ்சு கெடந்தோம். விடிஞ்சு ஓடிப் போயிப் பாத்தா, பழைய கோயில் நிக்குது சார். ஒரு ஓடு போகல. கடலு பாறையில மோதி மோதித் திரும்பிப் போவுது. நான் கஸ்பார் கல்லு பக்கத்துல முழங்கால் போட்டு அழுதேன். எல்லாரும் அழுதோம். அதப் பாத்த பெறகு நான் செஞ்சது தப்புன்னு யாராவது சொல்ல முடியுமா?

பெறகுதான் சுண்ணாம்பு பூசுனது, மணி மாத்துனது, நீங்க எல்லாம் வர ஆரம்பிச்சது, விருது.

விருது வாங்கிட்டு, பொன்னாடையோட வீட்டுக்கு வாரேன். அவ கொடியில துணி எடுத்துக்கிட்டு இருக்கா. எனக்கு வந்துச்சே கோவம். "நாப்பது நாளு நீ சுமந்தல்லா. இது ஒனக்கும் சேத்துக் குடுத்த விருதுல்லா. ஊரு முன்னால என்னைய ஒத்தையில நிறுத்திட்டியே"ன்னு சத்தம் போட்டேன். கல்யாணமாகி நாப்பத்திரெண்டு வருஷத்துல அப்பிடி நான் கத்துனதில்ல.

அவ துணிய மடிச்சுக்கிட்டே கேட்டா, "அந்த இன்ஜினியர்ட்ட என்ன சொன்னிய?"

"என்ன சொன்னேன்?"

"நீங்க சொன்னத நீங்களே சொல்லுங்க."

நான் சொல்லல. என் வாயில வரல சார். இன்ஜினியர்ட்ட ரெண்டு மட்டம் சொன்ன வார்த்த, வீட்டுக்குள்ள ஒத்தப் பொம்பள முன்னால வரல. அவ காத்துக்கிட்டு நின்னா. பெறகு துணிய எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. அதுலயிருந்து சோறு போடுதா, மருந்து எடுத்துக் குடுக்கா, பேரன் போன் பண்ணுனா எங்கிட்டக் குடுக்கா. வேற பேச்சு இல்ல. நானும் விட்டுட்டேன். ஒரு விழாவுக்கு வந்திருக்கலாம்லா? அந்த மனத்தாங்கல் எனக்கும் உண்டுல்லா?

போன வாரந்தான் கல்லறைத் திருநாளு போச்சு. சாயங்காலம், தீர்த்தம் தெளிச்சு முடிஞ்சுது. அவ எங்கிட்ட வந்து, "வாங்க"ன்னா. ரெண்டு மாசத்துக்குப் பெறகு அதுதான் மொத வார்த்த. எங்கன்னு கேக்காமப் போனேன். வடக்கால கூட்டிட்டுப் போறா. பாறை மேல ஏறுதா. முட்டுவலி, ஏற முடியல. நான் கை குடுத்தேன். இந்தத் தடவ உருவல. புடிச்சுக்கிட்டு ஏறுனா.

மேல நின்னுக்கிட்டு, "எந்த எடம்?"னா.

நான் பாத்தேன். எங்க பாத்தாலும் பாறை. ஒரு பாறை ஒரு மாடு தண்டிக்கு. அடியில மணல மிஷின் பொரட்டிப் பொரட்டிப் போட்டிருக்கு. அதுக்கு முன்னாலயுமே எனக்குத் தெரியாது சார். மழையில, இருட்டிக்கிட்டு வந்த நேரத்துல, அடையாளம் பாக்கவா செஞ்சேன்? முப்பத்தொம்பது வருஷமா அவ கேப்பாளோன்னு ஒரு பயம் இருந்துச்சு. கேக்கவே இல்ல. இப்பக் கேக்கா. 'தெரியாது'ன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அவ மொகத்தப் பாத்தேன். ஒரு பாறையக் கை காட்டிட்டேன்.

"இதுதானா?"

"இதுதான்."

பக்கத்துல போயி மெல்ல உக்காந்தா. முந்தியால அந்தப் பாறையத் தொடச்சா, உப்பெல்லாம் போகத் தொடச்சா. தொடச்சுட்டு என்னைய நிமிந்து பாத்துக் கேட்டா.

"தல எந்தப் பக்கம்?"

அந்தப் பெட்டிய எப்பிடி எறக்குனோம்னு எனக்கு நெனவே இல்ல சார். குழியில தண்ணி. பெட்டி மெதந்துச்சு. இன்னாசியாரு மம்பட்டியால அமுக்கிப் புடிச்சாரு, அண்ணன் மண்ணத் தள்ளுனான். எது தல, எது காலு.

"மேக்க தல, கடலப் பாத்துக் காலு. நம்ம எல்லாரையும் வைக்கிற மாதிரிதான் வச்சோம்"னேன்.

அவ தலைய ஆட்டுனா. கொஞ்சம் மேக்க நகந்து உக்காந்து, அந்தப் பக்கத்துல கைய வச்சா. வச்ச கைய எடுக்கல. அவ கொண்டாந்த மெழுகுதிரியக் கடல்காத்து நிக்க விடல. நான் எதுக்க உக்காந்து, அணைய அணையத் திரும்பத் திரும்பக் கொளுத்திக்கிட்டே இருந்தேன்.